மூன்று முறை இடிபட்ட முட்டை வண்டிக்கு யார் இன்சூரன்ஸ் கொடுப்பார்?

1

அன்று வண்டியில் இருந்தவர்கள்: ஓட்டியவன் நான். நடு சீட்டில் என் மனைவி ஹமீதா. அவள் பக்கத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தனம் அக்கா, மடியில் தோல்பை. அவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு வந்த கோ தெட் என்ற பர்மியப் பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், கையில் அட்டையும் பேனாவும். பின்னால் முப்பத்து நாலு தட்டு முட்டை. முன்னால் எனக்கு இடது பக்கத்து சீட்டில் இன்னும் ஆறு தட்டு, சீட் பெல்ட் போட்டபடி. தட்டுக்கு முப்பது வீதம் மொத்தம் ஆயிரத்து இருநூறு முட்டை. வேறு யாரும் இல்லை.

பின்னால் ஏதாவது தகராறு என்று வந்தால் யார் யார் சாட்சி என்பது தெரிய வேண்டும் அல்லவா? அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். எதையும் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நமக்குத் தாள்தான்.

ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் மாமாவின் கடையில் வேலைக்கு என்று யாங்கோன் வந்தேன். இப்போது நாற்பத்தாறு. மாமா காலமாகிவிட்டார், கடையும் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது முட்டை வியாபாரம். மிங்கலாடோனைத் தாண்டி இருக்கும் பண்ணையில் முட்டை எடுத்து, தன்லியினில் எங்கள் வீட்டுக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து டீக்கடைகளுக்கும் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கும் கொடுக்கிறேன். கேன்டீன் ஷ்வேப்யிதாவில். நகரத்துக்கு அந்தக் கோடி. வியாபாரத்தில் சரிபாதி அந்த ஒரு கேன்டீன்தான்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நம் ஊரில் வண்டி ரோட்டின் இடது பக்கம் போகும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். எதிரே வருவது தெரியும். இங்கே ரோடு வலது பக்கம். சரி, அப்படியென்றால் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்க வேண்டும்தானே? அதுதான் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் ஜப்பானில் ஓட்டிக் கழித்த வண்டி, அதில் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதாவது டிரைவர் ரோட்டோரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். முன்னால் ஒரு லாரி போனால் அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. தலையை நீட்டி நீட்டிக் கழுத்து வலிக்கும். சமீபத்தில் வரும் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம் வருகிறது. அதை வாங்கும் ஆள் முட்டை விற்கமாட்டான்.

மற்றவர்கள் எப்படி முந்துகிறார்கள்? அல்லாவை நம்பி முந்துகிறார்கள். அவரவர் சாமியை நம்பி முந்துகிறார்கள். நான் முந்துவதில்லை. தெரியாத இடத்தில் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? முன்னால் மெதுவாகப் போகிறானா, நானும் மெதுவாகப் போவேன். நிற்கிறானா, நானும் நிற்பேன்.

முதல் விபத்து தன்லியின் பாலத்துக்கு ஏறும் இடத்தில். பழுதான லாரிக்குப் பின்னால் நான் நின்றேன். பிக்கப் ஒன்று வந்து பின்னால் இடித்தது. இருநூற்றுப் பத்து முட்டை. இரண்டாவது மிங்கலாடோனில், சிமெண்ட் கலக்கும் வண்டிக்குப் பின்னால். அன்று இடித்தது டாக்ஸி. மூன்றாவது எங்கள் தெருமுனையிலேயே. ஐஸ் ஏற்றிய சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று மெதுவாகப் போனது, அதன் பின்னால் போய் நின்றேன். பின்னால் வந்தவர் ஒரு பல் டாக்டர். கீழே இறங்கி வந்து, "ஏன் நின்றீர்கள்?" என்று என்னைக் கேட்டார். இடித்தவர் அவர்!

ஒரே வருஷத்தில் மூன்று. மூன்று முறையும் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. என்னை "அதிக ஆபத்துள்ள ஓட்டுநர்" என்று வகைப்படுத்தியிருப்பதாகவும் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க முடியாதென்றும் எழுதியிருந்தார்கள். ஊரில் கல்யாண வீட்டு வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போகிறவன் நான். என்னைப் பார்த்தா ஆபத்து என்கிறார்கள்! இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அந்த வாரமே தொழிற்சாலையில் புது உத்தரவு. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் முழு இன்சூரன்ஸ் தாள் இருக்க வேண்டும். வண்டி லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கட்டும் அரசாங்க இன்சூரன்ஸ் செல்லாது. திங்கட்கிழமை காலை வாசலில் காட்டாவிட்டால் கேன்டீன் வேறு ஆளிடம் முட்டை வாங்கிக்கொள்ளும். வேறு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். அவனுடைய முட்டை சின்னது.

அன்று புதன்கிழமை.

3

மகள் நஸ்ரீன் சொன்னாள், "வாப்பா, இதுக்கெல்லாம் ஏன் ஆள் தேடுறீங்க? போன்லயே போடலாம். பத்து நிமிஷம்."

பதினேழு வயது. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் என்னிடம் தமிழ், உம்மாவிடம் பாதி பர்மி, தோழிகளிடம் முழு பர்மி. கோபம் வந்தால் பர்மி மட்டும். இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பீர்கள், அவள் படிக்கமாட்டாள். அதனால்தான் அவளைப் பற்றித் தைரியமாக எழுதுகிறேன்.

பத்து நிமிஷம் என்றாளா? முதல் நாள் கரண்ட் இல்லை. வந்தபோது நெட் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தபோது நஸ்ரீன் தூங்கிவிட்டாள். மறுநாள் மதியம் ஒருவழியாக அந்தக் கம்பெனியின் பக்கம் திறந்தது. பர்மியில் ஒரு வரி வந்தது. அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னம்மா?"

"நீங்க நெதர்லாந்துல இருக்குறதால இந்தச் சேவை கிடைக்காதாம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். விசா, பதிவு, முத்திரை என்று இருபத்தேழு வருஷமாக ஒவ்வொரு ஆபீஸாக வரிசையில் நின்று இந்த நாட்டில் இருக்கிறேன் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறவன் நான். திடீரென்று இல்லை என்றால்? "யார்ட்டயும் சொல்லாதே" என்றேன்.

"யாபாடே வாப்பா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் எதற்கும் அந்த ஒரு சொல்தான். அவளுடைய போனில் வேறு ஊரில் இருப்பதுபோலக் காட்டும் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள். அதை அணைத்ததும் நான் நெதர்லாந்திலிருந்து தன்லியினுக்குத் திரும்பி வந்தேன்.

பிறகு கேள்விகள். வண்டி யார் பெயரில்? ஹமீதா பெயரில், அவளுடைய பர்மியப் பெயரில்: டோ கின் மே, டோ என்றால் அம்மா என்கிற மாதிரி மரியாதை. இங்கே பிறந்த நம் ஆட்களுக்கு இரண்டு பெயர் உண்டு, வீட்டுக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. ஓட்டுநர் பெயர்? நஸ்ரீன் என் லைசென்ஸைப் பார்த்து செய்யது இபுராகிம் என்று அடித்தாள். போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு பூ விரிந்தது.

"வாழ்த்துச் சொல்லுது வாப்பா. உங்க பேர்ல விபத்தே இல்லையாம். நல்ல ஓட்டுநர் தள்ளுபடி. ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் ஜாட்தான்!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் வந்த முதல் வாரத்திலேயே மாமா எனக்கு டின் வின் என்று பெயர் வைத்துவிட்டார், கடைக்கு வருகிறவர்கள் வாயில் நுழைய வேண்டும் என்று. அன்றிலிருந்து தெருவுக்கும் பண்ணைக்கும் கேன்டீனுக்கும் நான் ஊ டின் வின், ஊ என்றால் ஐயா. மூன்று விபத்துத் தாளிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆக மூன்று முறை இடிபட்டவன் டின் வின். செய்யது இபுராகிம் சுத்தமான ஆள்.

"இது பொய்யில்ல வாப்பா, இதுவும் உங்க பேருதான்" என்றாள் நஸ்ரீன். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு மனம் எங்கெங்கோ போனது. நாளைக்கே பாலத்தில் ஒருவன் வந்து இடிக்கிறான் என்று வையுங்கள். டீக்கடைக்காரனிலிருந்து டிராபிக் போலீஸ் வரை எல்லாரும் "ஊ டின் வின், அடிபட்டுச்சா?" என்று ஓடி வருவார்கள். கம்பெனி ஆள் கேட்பான்: யார் இந்த டின் வின்? அப்போது பணமும் கிடையாது, மானமும் கிடையாது. இந்த யோசனையில் இருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது. உங்களுக்கு வேறு பெயர்கள் உண்டா?

"இல்லன்னு போடட்டா?"

"உண்டுன்னு போடு."

"வாப்பா!"

"போடும்மா. நாளைக்கு அவங்களா கண்டுபிடிச்சா?"

கட்டம் திறந்தது. எல்லாப் பெயரையும் தரவும் என்றது. எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். டின் வின். டீக்கடைகளில் முட்டைக்கார பாய். வீட்டில் நஸ்ரீன் வாப்பா. அவள் தலையில் அடித்துக்கொண்டே அடித்தாள். பச்சைப் பூ சுருங்கிவிட்டது. ஏழிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் எங்கள் அலுவலர் தொடர்புகொள்வார் என்று வந்தது.

திங்கட்கிழமைக்கு நாலு நாள்.

4

ஊரில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். யோசனை கேட்டால் உடனே தரும் ஆள். "என்ன மச்சான், இன்னமும் ஏஜென்ட் கீஜென்ட்னு? நாங்கல்லாம் போன்லதான் போடுறோம். கமிஷன் மிச்சம்" என்றார். "இடிச்சா யாரு வருவா?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் இடிச்சதில்லையே" என்றார். அவர் கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது.

தனம் அக்காவிடம் போனேன். அவருடைய தாத்தா துறைமுக வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. பர்மியர்களுக்கு டோ தனம். ஐம்பத்தைந்து வயது, வாயில் வெற்றிலை, பேருந்தில்தான் வருவார். மூன்று விபத்துக்கும் போலீஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் அவர்தான். டாக்ஸிக்காரனை நடு ரோட்டில் நிறுத்தி, அவன் அம்மாவின் பெயர் முதல் விசாரித்து, அவன் தானாகவே மன்னிப்புக் கேட்கும்படி செய்தார்.

நான் நெதர்லாந்து வரை எல்லாம் சொன்னேன். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, நாலு இடத்துக்குப் போன் பேசிவிட்டு வந்தார்.

"ஏந்தம்பி, போன் இன்சூரன்ஸ் குடுக்கும், நான் இல்லங்கல. இடிச்ச எடத்துக்குப் போன் வருமா? வந்து டாக்ஸிக்காரன் சட்டையப் புடிக்குமா?"

"வராதுக்கா."

"அதுல போட்டா மலிவு. எங்கிட்ட போட்டா மலிவு கெடயாது. மூணு கம்பெனி ஒம்பேரக் கேட்டதும் போன வச்சிட்டான். நாலாவது கம்பெனிக்காரன்தான், ஆள நேர்ல பாக்கணும், வண்டிய ஓட்டிக் காட்டச் சொல்லுன்னான்."

"ஓட்டியா?"

"ஓட்டிதான். சனிக்கெழம கேன்டீனுக்கு முட்ட போவுதுல்ல? அதே வண்டில ஏறி வரட்டும். என்ன, மூஞ்சி வெளுத்துப் போவுது?"

"அக்கா, செய்யது இபுராகிம்னு போட்டா—"

"ரெண்டு பேரையும் சேத்து எழுதுவேன். மூணு இடியையும் எழுதுவேன். நாளைக்கு ஒருத்தன் வந்து இது யாருன்னு கேக்கக் கூடாது. ஒளிச்சு வச்சு வாங்குன தாளு முட்ட மடிக்கத்தான் ஆவும்."

இரண்டு இரவு தூங்கவில்லை. பாஸ்போர்ட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

5

சனிக்கிழமை. வண்டியில் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஹமீதா ஏன் வந்தாள் என்றால், நான் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்க.

பாலம் வரை குறையில்லை. பாலத்தைத் தாண்டியதும் முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று வந்து சேர்ந்தது. மூங்கில் நுனிகள் பின்னால் ஆடிக்கொண்டே போகின்றன. நானும் பின்னால் போகிறேன். கால்மணி நேரம் போனேன். பக்கத்தில் சைக்கிளில் ஒரு பிக்கு போனார். என்னைத் திரும்பிப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார்.

கோ தெட் பர்மியில் மரியாதையாகக் கேட்டார்: "ஊ டின் வின், அந்த லாரிய முந்தலியா?"

"எதிர்ல என்ன வருதுன்னு தெரியல."

"பக்கத்துல ஒக்காந்திருக்கிறவர் பாத்துச் சொல்வாரே?"

"பக்கத்துல முட்டை."

கோ தெட் எட்டிப் பார்த்தார். பெல்ட் போட்ட ஆறு தட்டையும் பார்த்தார். பிறகு வெகுநேரம் எழுதினார். மூன்று வருஷமாக அந்த சீட் முட்டைக்குத்தான். பின்னால் வைத்தால் குலுங்குகிறது. அதிலும் பெரிய முட்டையை எப்போதும் கண் பார்வையில் வைப்பேன்.

ஹமீதா நடுவிலிருந்து இடது பக்கமாகத் தலையை நீட்டினாள். "நஸ்ரீன் வாப்பா, காலியா கெடக்கு. போங்க."

"நல்லாப் பாத்தியா?"

"போங்கங்கிறேன்."

"தூரத்துல செவப்பா ஏதோ..."

"அது கடை போர்டு!"

நான் இண்டிகேட்டர் போட்டேன். பிறகு யோசித்தேன். பிறகு வண்டியைச் சட்டென்று நிறுத்தினேன். அவ்வளவுதான். பின்னால் ஒரு பேருந்து, அதன் ஹாரனும் பிரேக்கும் ஒன்றாகக் கத்தின. கண்ணாடியில் அதன் முகம் பெரிதாகிப் பெரிதாகி, ஒரு முழம் இடைவெளியில் நின்றது. வண்டி குலுங்கியதில் பின்னால் இருந்த மேல் தட்டிலிருந்து ஒரு முட்டை எழும்பி, சீட்டுக்கு நடுவில் பறந்து போய் கோ தெட்டின் தாளில் உடைந்தது. அவர் எழுதிய அவ்வளவும் மஞ்சள்.

தனம் அக்கா, "நாலாவது ஆயிருக்கும்" என்றார்.

எனக்கு எல்லாம் முடிந்துபோனது போல இருந்தது. கேன்டீன் போச்சு. சின்ன முட்டைக்காரன் திங்கட்கிழமை வாசலில் நிற்பான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"எறங்குங்க" என்றாள் ஹமீதா.

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க."

அவளுடைய வாப்பா தண்ணீர் லாரி வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்த லாரியை ஓட்டியிருக்கிறாள், லைசென்ஸும் இருக்கிறது. அதை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் புதுப்பித்தும் வைத்திருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக நான்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரோடு சரியில்லை, ஆட்கள் சரியில்லை, காலம் சரியில்லை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம்.

அவள் ஏறி சீட்டை முன்னால் இழுத்தாள். நான் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறி, ஆறு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். முகவாய் வரை முட்டை. அந்த உயரத்தில் கண் மட்டும் வெளியே.

இனி சொல்லப்போவதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இந்த வண்டியில் இடது பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் தடவையாக எதிரே வருவது எனக்குத் தெரிந்தது. லாரிக்கு அந்தப் பக்கம் நீளமாக, வெளிச்சமாக ரோடு கிடந்தது. மூன்று வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே வரவில்லை.

"என்ன, சொல்லுங்க" என்றாள் ஹமீதா.

"ஒரு மோட்டார் வண்டி வருது. இரு. போயிருச்சு. இப்ப..." மடியிலிருந்த தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இப்பப் போ."

அவள் போனாள். மூங்கில் லாரி பக்கத்தில் நழுவிப் பின்னால் போனது. தனம் அக்கா கை தட்டினார். நான் மறுபடி சொன்னேன், "இப்ப வேணாம், பால் வண்டி. இப்பப் போ." இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்று தெரிந்தது. எது எது வரக்கூடும் என்று நினைப்பதில் எனக்கு நாற்பது வருஷ அனுபவம். ஷ்வேப்யிதா வாசலுக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். கேன்டீன்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

6

கோ தெட் வாசலிலேயே புதுத் தாள் எடுத்தார். ஓட்டுநர்: டோ கின் மே, விபத்து இல்லை. செய்யது இபுராகிம் என்கிற ஊ டின் வின்: மூன்று விபத்து, ஓட்டக் கூடாது, இடது முன் சீட்டில் உட்காரலாம்.

"'உட்காரலாம்'னு எழுதாதீங்க, 'உட்கார வேண்டும்'னு எழுதுங்க. இல்லாட்டி மறுபடி முட்டைய வச்சிருவாரு" என்றாள் ஹமீதா பர்மியில். அவர் அப்படியே மாற்றி எழுதினார்.

ஓட்டுநர் நல்லவர் என்றாலும் வண்டியின் பழைய கதைக்காகக் கட்டணம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஜாட். போன் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தாள் திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தனம் அக்காவின் தோல்பையில் வந்தது. எட்டு மணிக்கு வாசலில் காட்டினோம். காவலாளி தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு உள்ளே விட்டான். கேன்டீன் இன்றுவரை எங்களுடையதுதான்.

போன் கம்பெனியிலிருந்தும் பதில் வந்தது, சரியாகப் பத்தாவது வேலை நாளில். விண்ணப்பத்தில் நாலு ஓட்டுநர் பெயர்கள் இருப்பதாகவும், நாலு பேருடைய லைசென்ஸ் நகலும் புகைப்படமும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நஸ்ரீன் எனக்கு நாலு விதமாகத் தொப்பி போட்டுப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அனுப்பிவிட்டாளோ என்று இப்போதும் ஒரு பயம் இருக்கிறது.

ஏஜென்டா போனா, எது நல்லதென்று ஊர்க்காரர்களுக்கு எழுதச் சொன்னார் தங்கை மாப்பிள்ளை. இடிக்காத ஆளுக்குப் போன் போதும். என்னை மாதிரி ஆளுக்கு, வண்டியில் கூடவே ஏறி வந்து பேருந்து இடிக்க வந்ததையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடும் ஒரு அக்கா வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் பணம் முழுவதும் தாள் வாங்கும் அன்றைக்கே கட்ட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என்னிடம் இருந்தது நாலு லட்சம். மீதியைத் தனம் அக்கா தன் கையிலிருந்து போட்டார். "குடுக்கும்போது குடு தம்பி" என்றார். அப்படிச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியாது. நேற்று அதை ஹமீதாவிடம் சொல்லிப் புலம்பியபோது, வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி, "அவங்களுக்குக் குடுக்குறது இருக்கட்டும். டிரைவர் சம்பளம் எப்ப?" என்று கேட்டாள். சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஊர் விலை நாளைக்குப் பத்தாயிரம், வெள்ளிக்கிழமை விடுமுறை, மூன்று வாரம் ஆகிவிட்டது என்றாள்.

ஆக, இதை எழுதி முடிக்கும் இன்றைய தேதிக்கு, தனம் அக்காவுக்கு நான் தர வேண்டியது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஜாட். என் டிரைவருக்குத் தர வேண்டியது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.